அந்நியரோடு பேசக் கற்றல்: அமெரிக்கப் பள்ளிகளில் வணிக ஸ்பானிஷ்

1910-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஸ்பானிஷ் படித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, கணக்கு 0.7 சதவீதம். ஜெர்மன் படித்தவர்கள் 24 சதவீதத்தை ஒட்டி இருந்தார்கள். லத்தீனைப் பாதிப் பேர் படித்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1922-ல், ஜெர்மன் 0.6 சதவீதமாகச் சுருங்கியிருந்தது, ஸ்பானிஷ் 11.3 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. முதல் உலகப் போர் கிளப்பிய வெறுப்புதான் ஜெர்மனை வகுப்பறையிலிருந்து துரத்தியது. நெப்ராஸ்கா மாநிலம் 1919-ல் சிறு பிள்ளைகளுக்கு அயல்மொழி கற்பிப்பதையே குற்றமாக்கிச் சட்டம் போட்டது. உச்ச நீதிமன்றம் 1923-ல் அதைச் செல்லாது என்று தள்ளியது. ஜெர்மன் காலி செய்த இடத்தைப் பிரெஞ்சு மட்டுமே பிடித்திருக்கலாம். ஸ்பானிஷ் அத்தனை வேகமாக உள்ளே வந்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது. 1914-ல் பனாமா கால்வாய் திறந்தது. போரால் ஐரோப்பிய வணிகம் முடங்கியது. தென் அமெரிக்கச் சந்தை அமெரிக்க வணிகர்களின் கண்ணில் பட்டது. ஸ்பானிஷில் வணிகக் கடிதம் எழுதக் கற்றுத்தரும் பாடநூல்கள் அந்த ஆண்டுகளில் அச்சேறின.

ஆக, வணிகம் ஸ்பானிஷ் வகுப்புக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த விருந்தாளி அல்ல. அந்த வகுப்பு பள்ளிக்குள் வேர்பிடித்ததற்கே அதுவும் ஒரு காரணம். ஆனால் ஆசிரியர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே அதில் ஒரு கூச்சம் இருந்தது. 1917 இறுதியில் அமெரிக்க ஸ்பானிஷ் ஆசிரியர் சங்கம் உருவானபோது லாரன்ஸ் வில்கின்ஸ் அதன் முதல் தலைவரானார். மறு ஆண்டு சங்கத்தின் ‘ஹிஸ்பானியா’ இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். மனப்பயிற்சிக்கும் பண்பாட்டுக்கும் ஜெர்மன் வகித்த இடத்தை ஸ்பானிஷும் வகிக்க முடியும் என்பது அதன் வாதம். லத்தீனும் ஜெர்மனும் அறிவுக்கு, ஸ்பானிஷ் காசுக்கு என்ற எண்ணம் பரவியிருந்த காலத்தில் அவர் அப்படி வாதாடித்தான் ஆகவேண்டியிருந்தது. செர்வாந்தெஸின் மொழியைச் சரக்குச் சீட்டுகளின் மொழியாகக் குறுக்கிவிடுவார்களோ என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் அந்த அச்சத்தின் விளைவு இன்றுவரை நீடிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளி ஸ்பானிஷ் வகுப்பு வணிகத்தை மெல்ல மெல்ல வெளியே அனுப்பிவிட்டது.

இன்றைய நிலையைப் பார்ப்போம். 2017-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு ஒன்றின்படி, மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அயல்மொழி படிக்கும் அமெரிக்க மாணவர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம். அவர்களில் ஏறத்தாழ 73 லட்சம் பேர், அதாவது 69 சதவீதம், ஸ்பானிஷ் படிப்பவர்கள். நாட்டுக்குள்ளேயே நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். 2023-ல் சீனாவை முந்திக்கொண்டு மெக்சிகோ அமெரிக்காவுக்கு மிக அதிகமாகச் சரக்கு அனுப்பும் நாடாயிற்று. அமெரிக்க அயல்மொழிக் கற்பித்தல் மன்றமான ‘ஆக்ட்ஃபில்’ 2019-ல் வெளியிட்ட ஆய்வுக்காக 1,200 முதலாளிகளிடமும் மேலாளர்களிடமும் கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேர், ஆங்கிலம் அல்லாத மொழி தெரிந்த ஊழியர்களைத் தாங்கள் நம்பியிருப்பதாகச் சொன்னார்கள். மிக அதிகமாகத் தேவைப்பட்ட மொழி ஸ்பானிஷ். மொழித்திறன் இல்லாததால் வணிக வாய்ப்பை இழந்ததாக ஏறத்தாழ நாலில் ஒருவர் ஒப்புக்கொண்டார்.

எழுபது லட்சம் பேர் படிக்கும் ஒரு மொழியில் இப்படி ஒரு பற்றாக்குறை எப்படி வருகிறது? பாடத்தைப் புரட்டிப் பார்த்தால் பதில் கிடைக்கும். என் குடும்பம், என் வீடு, என் பள்ளி, எனக்குப் பிடித்த உணவு, சென்ற வார இறுதியில் நான் செய்தது, விடுமுறைப் பயணம்: முதல் இரண்டு ஆண்டுப் பாடநூல்களின் அலகுகள் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள் சுழல்கின்றன. இவற்றில் மாணவர் தன் வயதுத் தோழரிடம் பேசுகிறார், அல்லது சுற்றுலாப் பயணியாகச் சாப்பாடு கேட்கிறார். முதல் நிலையில் அவர் எதற்கும் பொறுப்பாளி அல்ல. இரண்டாம் நிலையில் அவரே வாடிக்கையாளர், எனவே மற்றவர்தான் பொறுமையாக இருக்கவேண்டும். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று, காத்திருக்கும் ஒருவருக்குப் பதில் சொல்லவேண்டிய நிலை வருவதே இல்லை.

வணிக ஸ்பானிஷ் என்ற பாடம் இல்லாமல் போய்விடவில்லை, பல்கலைக்கழகத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 1946-ல் அரிசோனாவில் பழைய விமானப்படைத் தளம் ஒன்றில் தொடங்கிய அயல்வணிகக் கல்வி நிறுவனம் (பின்னாளில் தண்டர்பேர்ட் என்று பெயர் பெற்றது) ஸ்பானிஷையும் போர்ச்சுகீசியத்தையும் வணிகக் கல்வியோடு சேர்த்துக் கற்பித்தது. 1988-ன் வணிகச் சட்டம் பல்கலைக்கழகங்களில் பன்னாட்டு வணிகக் கல்வி மையங்களை அமைக்க வழிசெய்தது. 1991-ல் டாயில், ஃபிரையர், செரே ஆகிய மூவர் எழுதிய ‘எக்ஸிதோ கொமர்சியால்’ போன்ற கல்லூரிப் பாடநூல்கள் வந்தன. மாட்ரிட் வணிகர் சபை வணிக ஸ்பானிஷுக்கென்று தேர்வுகளே நடத்திவந்தது. எல்லாம் நல்ல முயற்சிகள். ஆனால் இவை அனைத்தும் அடிப்படை ஸ்பானிஷைக் கடந்து வந்தவர்களுக்கானவை. பள்ளியில் ஸ்பானிஷ் எடுப்பவர்களில் பலர் இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்குக் கேட்பதே இரண்டு ஆண்டு அயல்மொழிதான். மூன்றாவது ஆண்டு வெறும் பரிந்துரை. வணிக மொழியை மேல்நிலைப் பாடமாக வைப்பது, அதைப் பெரும்பாலானவர்களின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதுதான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களையவேண்டும். வணிக மொழி என்றதும் பலர் மனத்தில் வருவது கலைச்சொல் பட்டியல்: பங்கு, வட்டி, இருப்புநிலைக் குறிப்பு, சந்தைப்படுத்தல். பள்ளியில் வணிக ஸ்பானிஷைப் புகுத்த நினைக்கும் ஆசிரியரும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறார். நூறு சொல்லை மனப்பாடம் செய்யவைத்துத் தேர்வு வைக்கிறார். ஆங்கிலத்திலேயே இருப்புநிலைக் குறிப்பை வாசித்திராத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் ஸ்பானிஷில் தெரிந்து என்ன பயன்? ஆனால் அதே பிள்ளை மாலையில் ஏதாவது ஓர் உணவகத்திலோ மளிகைக் கடையிலோ பகுதிநேர வேலை பார்க்கக்கூடும். அங்கே ஒருவர் வந்து, வாங்கிய பொருள் கெட்டிருக்கிறது, மாற்றித்தாருங்கள் என்று ஸ்பானிஷில் கேட்கக்கூடும். அந்த இரண்டு நிமிடத்தில் தேவைப்படுவதே வணிக மொழி. முன்பின் தெரியாத ஒருவரிடம், ஒரு நிறுவனத்தின் சார்பில், சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்று, மரியாதையோடு பேசுவது. நான் அதற்குக் கொடுக்கும் வரையறை இதுதான். கலைச்சொற்கள் பின்னால் வரட்டும்.

இப்படிப் பார்த்தால் முதல் ஆண்டிலேயே கற்பிக்க எவ்வளவோ இருக்கிறது. மரியாதையிலிருந்தே தொடங்கலாம். ஸ்பானிஷில் ‘தூ’, ‘உஸ்தெத்’ என்று இரண்டு முன்னிலை உண்டு. நம் நீ, நீங்கள் போல. தமிழ் வீட்டில் வளரும் குழந்தை ஐந்து வயதுக்குள் கற்றுக்கொள்ளும் இந்த வேறுபாடு, ஆங்கிலம் மட்டுமே அறிந்த அமெரிக்க மாணவருக்கு முற்றிலும் புதிது. அவர் மொழியில் ஆசிரியருக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே முன்னிலைதான். பாடநூல் இதை ஒரு பெட்டிக்குள் நான்கு வரியில் விளக்கிவிட்டு, அதன்பின் எல்லாப் பயிற்சியையும் ‘தூ’விலேயே நடத்துகிறது, ஏனென்றால் வகுப்பில் எல்லாரும் தோழர்கள். இரண்டு ஆண்டு கழித்து வெளியே வரும் மாணவருக்கு ‘உஸ்தெத்’துக்குரிய வினைமுற்று நாவில் நிற்பதில்லை. வாடிக்கையாளரையும் ஒருமையில் அழைத்துவிடுகிறார்.

அதைவிட வியப்பானது ‘கிஸியேரா’. ‘வேண்டும்’ என்பதைப் பணிவாக, ‘விரும்புகிறேன்’ என்ற தொனியில் சொல்லும் வடிவம். ஸ்பானிஷ் பேசும் எந்தக் கடையிலும் அலுவலகத்திலும் காதில் விழுவது. இலக்கண வகைப்பாட்டில் இது இறந்தகால விழைவுவினை என்ற பிரிவில் வருவதால், பாடத்திட்டம் அதை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கிறது. ‘போத்ரியா’ என்ற, ‘முடியுமா’ என்பதன் பணிவான வடிவமும் அப்படியே பின்தங்குகிறது. அதுவரை மாணவர் ‘எனக்கு இது வேண்டும்’ என்று வெட்டொன்று துண்டிரண்டாகக் கேட்கப் பழகுகிறார். இலக்கண விளக்கம் எதுவும் இல்லாமல், முழுச் சொற்றொடராக, முதல் மாதத்திலேயே இவற்றைக் கொடுத்துவிடலாம். குழந்தைகள் எந்த மொழியிலும் மரியாதைச் சொற்களை இப்படித்தான் கற்கிறார்கள். பகுபத உறுப்பிலக்கணம் படித்தபின் அல்ல.

அடுத்தது எண். ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணத் தெரிந்த மாணவருக்குத் தொலைபேசியில் சொல்லப்படும் பத்து இலக்க எண்ணைப் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளத் தெரியாது. இரண்டும் வேறு வேறு திறன்கள். அதோடு, ஸ்பானிஷ் உலகம் எண்ணை ஒரே விதமாக எழுதுவதில்லை. ஆயிரத்து இருநூற்றைம்பதே முக்காலை மெக்சிகோவில் அமெரிக்கர்களைப் போலவே 1,250.75 என்று எழுதுவார்கள். அதையே ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் காற்புள்ளியையும் புள்ளியையும் இடம் மாற்றி 1.250,75 என்று எழுதுவார்கள். தேதியில் நாள் முதலில், மாதம் அடுத்து. அமெரிக்காவில் அது தலைகீழ். மார்ச் 4-ல் வரவேண்டிய சரக்கை ஏப்ரல் 3 வரை எதிர்பார்த்திருப்பவர் இந்தப் பாடத்தைப் படிக்காதவர். ‘பில்யோன்’ என்ற ஸ்பானிஷ் எண், ஒலி ஒற்றுமையால் அமெரிக்க மாணவர் நினைக்கும் நூறு கோடியைக் குறிப்பதில்லை. அது லட்சம் கோடி, ஆயிரம் மடங்கு பெரியது. லட்சத்திலும் கோடியிலும் எண்ணிவிட்டு ஆங்கிலச் செய்தியை வாசிக்கும்போது நாம் ஒரு கணம் நின்று கணக்குப் போடுகிறோமே, அந்தத் தயக்கத்தைத்தான் இந்த மாணவருக்கும் கற்பிக்கவேண்டும்.

பெயர்களும் அப்படியே. ஸ்பானிஷ் பேசும் நாடுகள் பெரும்பாலானவற்றில் ஒருவருக்குத் தந்தைவழிப் பெயர் ஒன்றும் தாய்வழிப் பெயர் ஒன்றுமாக இரண்டு குடும்பப் பெயர்கள். கப்ரியேல் கார்சியா மார்க்கேஸை அகரவரிசையில் ‘கார்சியா’வில் தேடவேண்டும், ‘மார்க்கேஸ்’ என்று தேடினால் கிடைக்கமாட்டார். மருத்துவமனைப் பதிவேட்டில், வங்கிக் கணக்கில், விற்பனைக் கோப்பில் இந்த ஒரு விவரம் தெரியாததால் ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு திறக்கப்படுவதும், இருக்கும் கோப்பு ‘இல்லை’ என்று சொல்லப்படுவதும் நேர்கின்றன. மெக்சிகோவில் பட்டம் பெற்றவரை ‘லிசென்சியாதோ’ என்றும், பொறியியல் படித்தவரை ‘இன்ஹெனியேரோ’ என்றும் பட்டத்தோடு அழைப்பது வழக்கம். கடிதத்தில் ‘எஸ்திமாதா செஞோரா’ என்று விளித்தபின் முக்காற்புள்ளி இடவேண்டும். ஆங்கிலப் பழக்கத்தில் காற்புள்ளி இட்டால், படித்தவர் கண்ணில் அது உறுத்தும். விடுநர், பெறுநர், பொருள் என்று வரிசைப்படுத்தி எட்டாம் வகுப்பிலேயே விண்ணப்பக் கடிதம் எழுதப் பழகிய தமிழ் வாசகருக்கு இதன் எடை புரியும். வடிவம் வெறும் அலங்காரம் அல்ல. எழுதியவர் பொறுப்பானவர் என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

ஒரு பாடவேளையை இப்படிக் கற்பனை செய்து பாருங்கள். ஆசிரியர் வகுப்பை இரண்டு பாதியாகப் பிரிக்கிறார். ஒரு பாதி, தரை ஓடு விற்கும் மெக்சிகோ நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு. மறுபாதி, டெக்சாஸில் உள்ள கட்டடப் பொருள் கடை. கடைக்காரர்களிடம் ஆர்டர் நகலும், சரக்கு இறங்கியபோது எண்ணிய கணக்கும் இருக்கின்றன. நாற்பது பெட்டிக்கு முப்பது பெட்டிதான் வந்திருக்கிறது. விற்பனைப் பிரிவிடம் இன்வாய்ஸ் இருக்கிறது. அதில் மெக்சிகோவின் 16 சதவீத மதிப்புக்கூட்டு வரி சேர்த்து நாற்பது பெட்டிக்குப் பணம் போடப்பட்டிருக்கிறது. ஏற்றுமதிச் சரக்குக்கு அந்த வரி பொருந்துமா என்ற கேள்வியையும் ஆசிரியர் உள்ளே வைத்திருக்கிறார். ஒருவர் கையில் இருக்கும் தாளை மற்றவர் பார்க்கக்கூடாது. பேசித்தான் தீர்க்கவேண்டும். பத்துப் பெட்டி எங்கே, எப்போது வரும், வராவிட்டால் பணம் கழிக்கப்படுமா? பேசி முடித்ததும் ஒவ்வொருவரும், தாங்கள் ஒப்புக்கொண்டதை ஐந்து வரியில் மின்னஞ்சலாக எழுதி மறுதரப்புக்கு அனுப்பவேண்டும். இரண்டு மின்னஞ்சல்களும் ஒத்துப்போகாவிட்டால் மீண்டும் பேச்சு.

இதற்குத் தேவைப்படும் ஸ்பானிஷ் அதிகமில்லை: எண்கள், தேதிகள், ‘வந்தது’, ‘வரவில்லை’, ‘குறைகிறது’, ‘வருந்துகிறோம்’, ‘எப்போது அனுப்ப முடியும்’. இரண்டாம் ஆண்டு மாணவருக்கு இதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் ‘என் வார இறுதி’ என்ற கட்டுரையில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. தவறாகச் சொன்னால் ஏதோ ஒன்று கெடும். சொன்னது புரிந்ததா என்று மறுபடி கேட்டு உறுதிசெய்துகொள்ளும் பழக்கம், மொழிப் பாடத்தில் மிக அரிதாகக் கற்பிக்கப்படுவது, இங்கே தானாக வருகிறது.

செயல்வழி மொழிக்கல்வி எனப்படும் இந்த முறையின் தொடக்கக் கதையில் நம் பக்கத்து ஊர்களுக்கும் இடம் உண்டு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில், முக்கியமாகப் பெங்களூரிலும் சென்னையிலும், ஆங்கிலம் கற்பிப்பதில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசைப்படுத்திக் கொடுக்காமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துச் சிக்கல்களைத் தீர்க்கச் சொன்னார்கள். பொருளில் கவனம் குவியும்போது வடிவம் உள்ளே இறங்கும் என்பது அவர் கருத்து. உலக மொழிக்கல்வி ஆய்வில் ‘பெங்களூர்த் திட்டம்’ என்ற பெயரில் அது இன்றும் பேசப்படுகிறது. 1987-ல் அவர் எழுதிய நூல் வழியாக உலகெங்கும் போயிற்று. டெக்சாஸ் வகுப்பில் ஓட்டுப் பெட்டிகளை எண்ணும் பயிற்சிக்கும், அன்று சென்னைப் பிள்ளைகள் ரயில் நேரம் பார்த்ததற்கும் இடையே நேரான உறவு உண்டு. ஆனால் பிரபுவின் சிக்கல்களில் எதிராளி இல்லை. கால அட்டவணை கோபப்படாது. வணிக மொழி அதன்மேல் ஒரு மனிதரைக் கூடுதலாக வைக்கிறது.

பண்பாடு பற்றியும் சொல்லவேண்டும், இங்கேதான் வணிகப் பாடநூல்கள் வழுக்குகின்றன. ‘லத்தீன் அமெரிக்கர்கள் நேரம் தவறுவார்கள், முதலில் குடும்ப நலம் விசாரியுங்கள், பிறகு பேரம் பேசுங்கள்’ என்ற வகையில் செய், செய்யாதே பட்டியல்கள் போடுகிறார்கள். ஸ்பானிஷை ஆட்சிமொழியாகக் கொண்ட நாடுகள் இருபது. மாட்ரிட் அலுவலகங்களில் முதல் சந்திப்பிலேயே ‘தூ’வுக்கு மாறிவிடுவது சகஜம். பொகோட்டாவில் நெருங்கிய குடும்பத்துக்குள்ளேயே ‘உஸ்தெத்’ புழங்கும். புவெனஸ் ஐரிஸில் ‘தூ’வே கிடையாது, ‘வோஸ்’ என்பார்கள். மாண்டெர்ரேயின் தொழிற்சாலை மேலாளரையும் ஹவானாவின் விடுதிக்காரரையும் ஒரே பட்டியலில் அடைக்கும் பாடம், அறியாமையைச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறது. கற்பிக்கத் தக்கது ஒரு பழக்கம்: சந்தேகம் இருந்தால் ‘உஸ்தெத்’தில் தொடங்கு, மற்றவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனி, அவர் மாறினால் நீயும் மாறு. எந்த நாட்டுக்கும் இது செல்லும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஸ்பானிஷைப் புதிதாகக் கற்கும் மாணவரைப் பற்றி. அதே வகுப்பில், பல மாநிலங்களில் கணிசமான எண்ணிக்கையில், இன்னொரு வகை மாணவர் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்தவர். பாட்டியிடம் தங்குதடையில்லாமல் பேசுவார். ஸ்பானிஷில் ஒரு அலுவல் கடிதம் எழுதச் சொன்னால் திணறுவார், ஏனென்றால் பள்ளிப் படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். வழக்கமான வகுப்பு இவருக்கு நிறங்களின் பெயரையும் கிழமைகளின் பெயரையும் கற்பித்துச் சலிப்பூட்டுகிறது. அதோடு வீட்டுப் பேச்சைக் கொச்சை என்று திருத்தி அவமானப்படுத்துவதும் உண்டு. இலங்கைத் தமிழர் பிள்ளைகள் டொராண்டோவிலும் லண்டனிலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளில் உட்காரும் நிலை இதற்கு வெகு தொலைவில் இல்லை.

ஸ்டான்ஃபோர்டின் குவாதலூப்பே வால்தேஸ் இவர்களைப் பற்றிப் பல்லாண்டு ஆய்வு செய்தவர். குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பெற்றோருக்காக மொழிபெயர்ப்பதை ஆராய்ந்து 2003-ல் அவர் வெளியிட்ட நூல், அந்தப் பிள்ளைகளின் திறனை மேதைமையின் ஒரு வடிவமாகக் காணவேண்டும் என்று வாதிட்டது. அவர்கள் செய்வதை நினைத்துப் பாருங்கள். வங்கி அலுவலர் சொல்வதைக் கேட்டு, தாயை வருத்தாத விதத்தில் அதை ஸ்பானிஷில் சொல்லி, தாய் கோபத்தில் சொன்னதை அலுவலர் புண்படாத விதத்தில் ஆங்கிலமாக்கி, இரண்டு தரப்பும் கதவைச் சாத்திவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வணிகக் கல்லூரியில் பேச்சுவார்த்தை என்ற பாடத்தின்கீழ் கற்பிக்கப்படுவதைப் பன்னிரண்டு வயதில் செய்கிறார்கள். இந்தச் சுமையைக் குழந்தைகள் தலையில் வைப்பது சரியல்ல. மருத்துவத் துறையில் அவசரம் தவிர மற்ற வேளைகளில் சிறுவர்களை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதை 2016-ன் கூட்டாட்சி விதிகள் தடுத்தன. சுமை தவறு, ஆனால் அதைச் சுமந்ததால் வந்த திறன் உண்மை. அதைப் பள்ளி கண்டுகொள்ளாமல் விடுவது, பிள்ளைக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி.

வணிக ஸ்பானிஷ் இந்த மாணவருக்குத்தான் மிக அதிகமாகத் தரமுடியும். வீட்டுப் பேச்சுக்கும் பொதுவெளி மொழிக்கும் இடையே உள்ள பாலத்தை அவருக்குக் கொடுக்கிறது, வீட்டுப் பேச்சைப் பழிக்காமலே. இதற்கு நல்ல பாடப்பொருள் கைக்கருகில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1974-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரு வணிகர் ஸ்பானிஷில் பேரம் பேசி ஒப்பந்தம் செய்தால், கையெழுத்துக்கு முன்பே அந்த ஒப்பந்தத்தின் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பைக் கொடுத்தாகவேண்டும் என்கிறது அது; பின்னர் சீனம், தகலோக், வியட்நாமியம், கொரியன் ஆகியவையும் சேர்க்கப்பட்டன. கார் தவணை, வீட்டு வாடகை போன்றவற்றுக்கு இது பொருந்தும். பேசியது ஒரு மொழியில், கையெழுத்து வேறு மொழியில் என்று மக்கள் ஏமாற்றப்பட்டதால் வந்த சட்டம். ஒரு வாடகை ஒப்பந்தத்தின் ஸ்பானிஷ் வடிவத்தைக் கொண்டுவந்து, முன்பணம் எப்போது திரும்பும், பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்று மாணவர்களைத் தேடச் சொல்லலாம். இது வணிகப் பாடம். கூடவே, தன் வீட்டாரைக் காக்கும் பாடமும். வணிகம் என்றால் விற்பவர் பக்கம் மட்டும் என்று யார் சொன்னது?

மறுப்புகள் உண்டு. இலக்கியம் போய்விடும் என்பது பழைய கவலை. எனக்கு இலக்கியத்தின்மேல் பற்று அதிகம். முதல் இரண்டு ஆண்டு வகுப்பில் இப்போது இலக்கியம் இருக்கிறதா என்பதே என் கேள்வி. பீட்சாவுக்கும் பிறந்தநாள் விருந்துக்கும் போகும் நேரத்தில் சிறிது இங்கே வந்தால் நெரூடா எதையும் இழக்கப்போவதில்லை. மொழிபெயர்ப்பு மென்பொருள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கருவி வாக்கியத்தைத் தரும். அதில் ‘தூ’ விழுந்திருக்கிறதா ‘உஸ்தெத்’ விழுந்திருக்கிறதா என்று பார்த்து, அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் மொழி தெரிந்தவராக இருக்கவேண்டும்.

நேரம் பற்றிய மறுப்புதான் கனமானது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அலுவலர்களுக்கு ஸ்பானிஷில் தொழில்முறைத் தேர்ச்சி வர 600 மணி நேரத்துக்கும் மேற்பட்ட வகுப்புகள் தேவை என்று கணக்கிடுகிறது, அதுவும் சிறிய குழுவில், முழுநேரப் படிப்பாக. நாளுக்கு ஐம்பது நிமிடம், ஆண்டுக்கு 180 நாள் என்று வைத்தால் பள்ளியில் ஓராண்டுக்கு 150 மணி நேரம். இரண்டு ஆண்டுக்கு 300. எனவே பள்ளி முடித்தவர் பேரம் பேசி ஒப்பந்தம் முடிப்பார் என்று வாக்குறுதி தரும் பாடத்திட்டம் பொய் சொல்கிறது. ஆக்ட்ஃபில் அமைப்பு எந்த வேலைக்கு எந்தப் பேச்சுநிலை வேண்டும் என்று வெளியிட்டிருக்கும் அட்டவணை இங்கே உதவும். எதிர்பார்க்கத்தக்க சூழலில் வேலை பார்க்கும் காசாளருக்கும் கடை விற்பனையாளருக்கும் இடைநிலையின் நடுப்படி போதும். வாடிக்கையாளர் சேவைக்கு உயர்நிலையின் முதல் படி வேண்டும். நான்கு ஆண்டு படித்தவர் முதலாவதை எட்டலாம். இரண்டாவதை எட்டுவது அரிது. பாடம் இந்த எல்லைக்குள் நேர்மையாக நிற்கவேண்டும்: செய்தி குறித்துக்கொள்வது, சந்திப்பு நேரத்தை உறுதிசெய்வது, தாமதத்துக்கு வருத்தம் தெரிவிப்பது, ‘இதை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, தெரிந்த ஒருவரை அழைக்கிறேன்’ என்று கண்ணியமாகச் சொல்வது. கடைசியாகச் சொன்னதை நான் முதலிடத்தில் வைப்பேன்.

ஆசிரியர் பயிற்சியும் தேர்வுமுறையும் மாறவேண்டும். பெரும்பாலான ஸ்பானிஷ் ஆசிரியர்கள் இலக்கியம் படித்து வந்தவர்கள். இன்வாய்ஸைக் கண்டால் தயங்குவது இயல்பு. பல்கலைக்கழகங்களின் பன்னாட்டு வணிகக் கல்வி மையங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கு நடத்தும் பயிலரங்குகள் இந்த இடைவெளியைக் குறைக்கக்கூடும். இன்னும் எளிய வழி, பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஸ்பானிஷில் வியாபாரம் செய்யும் கடைக்காரரை ஒரு மணி நேரம் வகுப்புக்கு அழைப்பது. அவரிடம் அன்றாடம் புழங்கும் தாள்களின் நகல்கள் கிடைத்தால் பாடநூல் பதிப்பகத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

தேர்வைப் பொறுத்தவரை முன்மாதிரி ஏற்கனவே இருக்கிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும், 2014-ல் திருத்தி அமைக்கப்பட்ட மேம்பட்ட நிலை (ஏ.பி.) ஸ்பானிஷ் தேர்வில், ஒரு நிறுவனத்திலிருந்து வந்ததுபோன்ற மின்னஞ்சலை வாசித்து, 15 நிமிடத்துக்குள் மரியாதைநடையில் பதில் எழுதச் சொன்னார்கள். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, தன் பக்கமிருந்தும் ஒரு விவரம் கேட்கவேண்டும். நல்ல வினா. ஆனால் அந்தத் தேர்வு பல ஆண்டு படித்தவர்களுக்கானது. இதன் எளிய வடிவத்தை இரண்டாம் ஆண்டின் இறுதித் தேர்வில் வைக்கலாம்: ஐந்து வரி மின்னஞ்சல் ஒன்று, இரண்டு நிமிடத் தொலைபேசி அழைப்பு ஒன்று, நிரப்பவேண்டிய படிவம் ஒன்று. 2011-ல் கலிஃபோர்னியா தொடங்கிப் பின்னர் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றிய, இரண்டு மொழிகளில் தேர்ச்சி பெற்ற பள்ளி மாணவர்களுக்குத் தரப்படும் இருமொழித் திறன் முத்திரைக்கும் இதேபோல ஒரு பணியிடப் பகுதியைச் சேர்க்கலாம். மதிப்பெண்ணில் பாதி இலக்கணத்துக்குப் போகட்டும். மீதியில், சரியான ஆளுக்குச் சரியான தகவல் போய்ச் சேர்ந்ததா, எண்ணும் தேதியும் பெயரும் பிழையில்லாமல் இருந்தனவா, மறுமுனையில் இருந்தவர் மரியாதையாக நடத்தப்பட்டாரா என்று பார்க்கவேண்டும். மறுமுனையில் பேசும் வேலையை அந்த வகுப்பிலேயே இருக்கும், வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்த மூத்த மாணவருக்குக் கொடுத்து, அதற்கும் மதிப்பெண் தரலாம்.